ஏழாவது கிளாஸில் எலி

பிளாக்கரன்ட் என்று எழுதுகிறீர்களே, அந்தப் பழத்தை ஒரு தடவையாவது தின்றிருக்கிறீர்களா?

போன மாதம் உங்கள் ஒயின் சுவைக்கும் குழுவுக்கு என்னை விருந்தாளியாக அழைத்து உட்காரவைத்து, உங்களோடு ஆறு ஒயின் சுவைக்கக் கொடுத்தீர்கள். மரியாதைக்கு நன்றி. ஆனால் நீங்கள் சுவைத்த வேகத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாய், ஒரு துப்பு, உடனே பேனா. சாக்லேட், புகையிலை, தோல், பிளாக்கரன்ட். ஐந்து விநாடியில் நான்கு வார்த்தை, அடுத்த கிளாஸ். அங்கேயே கத்தியிருப்பேன். அழைத்தவர்கள் வீட்டில் கத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அந்தத் தப்பில் ஒரு ஆளின் வேலை போக இருந்தது. படித்துவிட்டு என்ன செய்வீர்களோ செய்யுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைத் தாண்டி எங்கள் ஒயின் ஃபாக்டரி. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத் தொழிலாளியின் மகள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அங்கே லேபில் சேர்ந்தேன். புளிப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று அளப்பதுதான் என் வேலை. சுவைக்கிற மேசைக்கு நான் வந்தது தற்செயல். ஒரு நாள் நான்கு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன பாட்டிலை நான் முகர்ந்து, "நனைஞ்ச சாக்கு நாத்தம் வருது" என்றேன். கார்க்குகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பூஞ்சை. அன்றிலிருந்து தலைமை ஒயின்காரர் என்னைத் தன் வலது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அவர் பெயர் வேண்டாம். பெங்களூர்க்காரர், வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். வெளிநாட்டில் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்தவர். உழைப்பாளி. ஏமாற்றத் தெரியாதவர். ஆனால் மேசையில் எப்போதும் அவர்தான் முதலில் பேசுவார். அவர் "சுத்தம்" என்றால் மற்ற நான்கு பேனாவும் சுத்தம் என்று எழுதும். சுவைகளின் பெயர்களை அச்சடித்த பட்டியல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதில் பாதிப் பழங்களை நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் நாவல்பழம், கொய்யா, ஊறிய சாக்கு என்று எனக்குத் தெரிந்ததை எழுதுவேன். சிரித்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் மாற்றி முதலாளிக்கு அனுப்புவார். அவர் என்னை நம்பினார். பிறகு நடந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

எட்டு டேங்க்குகள். ஏழு டேங்க்குகளுக்குப் பொறுப்பு கஜேந்திரன். என் வயதுதான் இருக்கும். தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். பொம்மனஹள்ளியில் வாடகை வீடு, மனைவிக்குக் கார்மென்ட்ஸில் வேலை. ஆறாம் டேங்க் மட்டும் தலைமை ஒயின்காரருடையது. அதில் அவர் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். ஒயின் கெடாமலிருக்க சல்பர் போடுவோம். வெளிநாட்டில் இப்போது குறைத்துத்தான் போடுகிறார்கள், பழத்தின் சுவை தெளிவாக வரும் என்று சொல்லி, ஆறில் பாதிக்கும் கீழே குறைத்திருந்தார். அந்த டேங்க்கை வேறு யாரும் தொடக் கூடாது.

எனக்கும் கஜேந்திரனுக்கும் அதற்கு முந்தின வாரம்தான் பெரிய சண்டை. டேங்க் ரூம் தரையைப் பினாயில் போட்டுக் கழுவிவிட்டான். அந்த வாடை மூக்கில் ஏறி அன்றைக்கு ஒன்றும் சுவைக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் அவனைப் பார்த்துக் கத்தினேன்.

"உங்க மூக்குக்காக நான் தரையை அழுக்காவே வச்சிருக்கணுமா மேடம்?" என்றான்.

"வெந்நீர் ஊத்திக் கழுவு. படிச்சவங்க சொன்னா கேளு" என்றேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அதோடு விடாமல் மேலே புகாரும் செய்தேன். அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

இனி அந்த நாள். ஒரு பெரிய ஹோட்டலின் விருந்துக்குச் சிவப்பு ஒயின் அனுப்ப வேண்டும். பாட்டில் லைன் மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு முன் எட்டு டேங்க்கையும் சுவைத்து எது போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பதினோரு மணிக்கு உட்கார்ந்தோம். தலைமை ஒயின்காரருக்கு முதலாளியிடமிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. ஒரு கிளாஸுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறாவது கிளாஸ். ஒரு வாய் எடுத்துத் துப்பினேன். "நல்ல பழுத்த பழம். சுத்தம். நெக்ஸ்ட்" என்றார் அவர். நான் "நாவல், சுத்தம்" என்று எழுதினேன். ஏழாவது கிளாஸ். ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தேன். நாக்கின் பின்பக்கத்திலிருந்து அது வந்தது.

எலி.

எனக்கு அந்த வாடை தெரியும். தங்கவயல் குவார்ட்டர்ஸில் ரேஷன் அரிசி மூட்டைக்குள் எலி புகுந்து போனால், அந்த அரிசியை எத்தனை தடவை களைந்தாலும் சோற்றில் அந்த வாடை நிற்கும். நமத்த பொரியும் எலி மூத்திரமும் கலந்த மாதிரி. அச்சடித்த பட்டியலில் அதற்கு வார்த்தை இல்லை. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சார், ஏழு கெட்டுப்போச்சு. எலி வாடை."

அவர் இன்னொரு வாய் எடுத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்கு வாய் பூரா இருக்கு சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் நடிப்பு இல்லை என்று தெரிந்திருக்கும். "ஆய்து" என்றார். கன்னடத்தில் முடிந்தது என்று அர்த்தம். "ஆறாம் டேங்க் பாட்டிலுக்குப் போகட்டும். ஏழைத் தனியா வையுங்க, சாராயம் காய்ச்ச அனுப்பிடலாம். கஜேந்திரனைக் கூப்பிடுங்க."

நோட்டில் என் கையெழுத்தில் எழுதினேன்: ஏழு, எலி. மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்து அதையே எழுதினார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கஜேந்திரனிடமிருந்து டேங்க் ரூம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சுத்தமாகக் கழுவாத குழாயைப் போட்டிருப்பான், சல்பரை மறந்திருப்பான் என்று பேச்சு. போன வாரம்தான் எச்சரிக்கை, இப்போது டேங்க்கே போய்விட்டது. சாயந்திரம் கணக்கு முடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது. தரை கழுவத் தெரியாதவனுக்கு டேங்க் எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு மணிக்குக் கேன்டீனில் சாப்பிடப் போனேன். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தேன். தட்டு வரவில்லை. கஜேந்திரன்தான் வந்தான். கையில் காலையில் மிச்சமிருந்த ஏழாம் நம்பர் சாம்பிள் பாட்டில். ஒரு கிளாஸை என் முன்னால் டொக்கென்று வைத்து ஊற்றினான்.

"குடிங்க."

"கஜேந்திரா, போய் மேல பேசு. இங்க வேணாம்."

"மேல பேசிட்டேன். மேடம் வாய் சொல்லிச்சுன்னாங்க. அதான் மேடம் வாயாண்டையே வந்துட்டேன். குடிங்க. பினாயில் போட்டேன்னு என்மேல கோவம் இருந்தா செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன். என் டேங்க்ல எலின்னு சொல்லாதீங்க. தினம் ரெண்டு வேளை அதைப் பார்க்கிறவன் நான்."

கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சமையல்காரர் பாஷா பாய் கரண்டியோடு வந்து நின்றார். "க்யா மேடம், சண்டையா?"

"ஒண்ணுமில்ல பாய்" என்றேன். கோபத்தில் கிளாஸை எடுத்து ஒரு வாய் வைத்துத் தட்டு கழுவும் தொட்டியில் துப்பினேன். "போதுமா?"

"போதாது. உக்காருங்க. என் மூஞ்சியப் பாருங்க. எப்ப எலி வருதோ அப்ப சொல்லுங்க."

உட்கார்ந்தேன். அவன் எதிரே நின்று கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தான். பத்து விநாடி. இருபது. எனக்கு அடுத்த கிளாஸ் இல்லை, பேனா இல்லை, நெக்ஸ்ட் என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு நிமிடம் ஆனது. நாவல்பழம், கொஞ்சம் துவர்ப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை. வாய் சுத்தமாக இருந்தது.

எலி வரவில்லை.

கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஒயினின் புளிப்பு அந்த வாடையைக் கட்டிவைத்திருக்கிறது. எச்சில் கலந்து புளிப்பு அடங்கிய பிறகுதான் அது கிளம்பும். அதற்கு இருபது முப்பது விநாடி ஆகும். ஆளுக்கு ஆள் எச்சில் வேறு. சிலருக்கு அது கிளம்பவே கிளம்பாது. தலைமை ஒயின்காரருக்குக் கிளம்பவில்லை. எனக்குக் கிளம்பியபோது நான் அடுத்த கிளாஸைக் குடித்து முடித்திருந்தேன். ஏழாவது கிளாஸில் எனக்கு வந்தது ஆறாவது கிளாஸின் எலி.

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். அப்போது நான் "இருக்கு, எலி இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். அவனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. என் வாய்க்குள் இருப்பதை யார் எட்டிப் பார்ப்பார்கள்? நம் தொழில் அப்படி. பொய் சொன்னால் பிடிக்க ஆளில்லை. மாற்றிச் சொன்னாலோ நான் சுவை தெரியாதவள், தலைமை ஒயின்காரர் தன் டேங்க்கைத் தானே கெடுத்தவர். அவருக்குக் கீழேதான் நான் வேலை செய்ய வேண்டும். உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன் என்று இன்றைக்கு வீரம் பேச மாட்டேன். அரை நிமிடம் நான் பொய்யின் பக்கம்தான் இருந்தேன்.

"என்னா மேடம்?" என்றான் கஜேந்திரன். "எலி வழி தெரியாம நிக்குதா?"

எழுந்து சுவைக்கிற அறைக்குப் போய் ஆறாம் நம்பர் சாம்பிளை எடுத்துவந்தேன். அவன் முன்னாலேயே ஒரு வாய் எடுத்துத் துப்பினேன். அவன் பாட்டிலின் நம்பரைப் பார்த்தான். முகம் மாறியது.

"இது சாரோட டேங்க்காச்சே."

"பேசாத. எண்ணு."

அவன் எண்ணினான். இருபத்திரண்டில் எனக்கு வாந்தி வருகிற மாதிரி ஆனது. எலி, பொரி, ரேஷன் மூட்டை. அவன் என் முகத்தைப் பார்த்து எண்ணுவதை நிறுத்தினான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். இல்லை. பயந்துவிட்டான்.

"போங்க மேடம். இதைப் போய் யாரு சொல்றது?"

"நான்தான்."

மணி இரண்டு ஆக இருந்தது. லேபுக்குப் பக்கத்தில் அவருடைய அறை. முதலாளியோடு போனில் பேசி முடித்து, முகம் மலர்ந்திருந்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"ஏன்ரீ ஸ்டெல்லா, காலைல ஏழு. இப்போ ஆறு. சாயந்திரம் என்ன, எட்டா?"

"தப்பு என்னோடது சார். நான் பொறுத்திருந்து பாக்கல."

"கஜேந்திரன் உங்களை மிரட்டினானா? கேன்டீன்ல சத்தம் போட்டானாமே."

"மிரட்டினான். அதனாலதான் சரியா டேஸ்ட் பண்ணேன்."

அவர் ஆறை வரவழைத்து மூன்று தடவை சுவைத்தார். நிஜமாகவே முயன்றார். தலையை ஆட்டினார். "எனக்கு வரல. வராத ஒண்ணுக்காக லைனை நிறுத்தச் சொல்றீங்களா? முதலாளிகிட்ட என்ன சொல்றது? எங்க லேப் மேடத்துக்கு மத்தியானம் மனசு மாறிடுச்சுன்னா?"

அவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் நியாயமில்லை. அவர் கேட்டது சரி. காலையில் என் வாயை மட்டும் நம்பி ஒரு ஆளை வெளியே அனுப்பியது அவர் தப்பு என்றால், மதியம் என் வாயை மட்டும் நம்பி லைனை நிறுத்தாதது எப்படித் தப்பாகும்? ஒரே வாய்தானே. கீழே பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் ஆரம்பித்தது. லைன் ஓடிவிட்டது.

மறுபடியும் கேன்டீனுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. கஜேந்திரனிடம் முடியவில்லை என்று சொல்லத்தான் என்று நினைக்கிறேன். பாஷா பாய் நான்கு மணி போண்டாவுக்குப் புளித்த மோர் விட்டு மாவு கலந்துகொண்டிருந்தார். ஒரு சிட்டிகை சமையல் சோடாவை மாவில் தூவினார். அது நுரைத்தது.

புளிப்பை எச்சில்தான் அடக்க வேண்டும் என்று யார் சொன்னது? சோடாவும் அடக்கும்.

"பாய், அந்த டப்பாவக் குடுங்க."

"போண்டாவுக்கு மேடம்!"

"ஒரு ஸ்பூன் போதும். ரெண்டு கிளாஸும் குடுங்க. நீங்களும் வாங்க."

இந்தத் தடவை நான் என்னையும் நம்பவில்லை. கேன்டீன் மூலையில் பாஷா பாயை இரண்டு கிளாஸில் ஊற்றச் சொன்னேன், ஒன்றில் ஆறு, ஒன்றில் ஏழு. எதில் எது என்று கிளாஸின் அடியில் சீட்டு ஒட்டச் சொன்னேன். நானும் கஜேந்திரனும் சுவரைப் பார்த்து நின்றோம். பிறகு அவரே தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வர, மூவரும் தலைமை ஒயின்காரர் அறைக்குள் நுழைந்தோம். அவர் கஜேந்திரனைப் பார்த்ததும் எழுந்தார்.

"இவன் இன்னும் போகலையா?"

"சார், ரெண்டு நிமிஷம். அப்புறம் நானும் அவனோட போறேன்" என்றேன்.

இரண்டு கிளாஸிலும் சோடாவைப் போட்டேன். பொங்கியது. சிவப்பு கறுத்து நீலச் சாம்பல் நிறமாக மாறியது. தன் பிள்ளை மேல் யாரோ சாக்கடைத் தண்ணீர் ஊற்றிய மாதிரி அவர் முகம் சுளித்தார். "என்ன பண்றீங்க, ஒயின்ரீ அது!"

"குடிக்க வேணாம் சார். மோந்து மட்டும் பாருங்க."

வலது பக்கத்துக் கிளாஸை எடுத்து மூக்கருகே வைத்தார். கீழே வைத்தார். இடது பக்கத்துக் கிளாஸை எடுத்தார். தலை பின்னால் போனது. உடனே மறுபடியும் முகர்ந்தார், நம்பாதவர் மாதிரி. மூன்றாவது தடவை முகரவில்லை. கிளாஸைத் தலைக்கு மேலே தூக்கி அடியில் இருந்த சீட்டைப் பார்த்தார். ஆறு.

அறையில் நான்கு பேர். கீழே பாட்டில்கள் இடித்துக்கொண்டே இருந்தன.

அவருக்குப் புரிந்துவிட்டது. சல்பரைக் குறைத்தது அவர். அந்த டேங்க்கை யாரும் தொடக் கூடாது என்றதும் அவர். ஒருவேளை எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு, கிளாஸைத் தொட்டியில் கொட்டிவிட்டு, லைனை ஓடவிடலாம் என்று அவருக்கும் ஒரு அரை நிமிடம் இருந்திருக்கும். எனக்கு இருந்ததே. போனை எடுத்தார்.

"லைனை நிறுத்துங்க" என்றார். பிறகு மேசை டிராயரைத் திறந்து சாவிக் கொத்தை எடுத்துக் கஜேந்திரன் பக்கம் தள்ளினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏழைப் பாட்டிலுக்கு மாத்து. சீக்கிரம்."

மன்னிப்பு அவர் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதலாளியிடம், சுவைக்கும்போதே கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னாராம். அது பொய்யும் இல்லை.

கஜேந்திரன் சாவியை எடுத்துக்கொண்டான், ஆனால் போகவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"நோட்டுல?"

நோட்டை எடுத்துவந்தேன். 'ஏழு, எலி' என்பதன் மேல் ஒரே கோடு போட்டேன், கீழே எழுதியது தெரிகிற மாதிரி. பக்கத்தில், அவசரத்தில் தவறாக எழுதியது, வாடை ஆறில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தான். அப்புறம்தான் போனான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், வாசல் வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். "லைனு காத்துக்கினு இருக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சுவைக்க உட்கார்ந்தோம். எப்போதும் எட்டுக் கிளாஸும் வரிசையாக இருக்கும். அன்றைக்கு மேசை காலி. கஜேந்திரன் ஒரே ஒரு கிளாஸைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றான். தலைமை ஒயின்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் ஆனதும், "இப்ப எழுதுங்க" என்றான். பிறகுதான் இரண்டாவது கிளாஸ் வந்தது. அன்றிலிருந்து எங்கள் மேசையில் யாரும் முதலில் பேசவில்லை. எழுதி முடித்த பிறகுதான் பேச்சு.

நான் அங்கே வேலை செய்த அத்தனை வருடமும் அவன் அதை விடவில்லை. அது தண்டனையா, சமாதானமா என்று நான் கேட்கவில்லை. வேலையைத் தவிர வேறு எதுவும் என்னிடம் அவன் பேசியதும் இல்லை. தரையை மட்டும் வெந்நீர் ஊற்றித்தான் கழுவினான்.

நான் ஓய்வு பெற்ற நாளிலும் கிளாஸை வைத்துவிட்டுக் கடிகாரத்தின் கீழே நின்றான். தலை நரைத்திருந்தது. மாலை, கேக், போட்டோ என்று எல்லோரும் வெளியே காத்திருந்தார்கள். எனக்கும் கொஞ்சம் அவசரம்தான். ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

"நல்லா இருக்கு கஜேந்திரா. சுத்தம்."

அவன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் பத்து செகண்டு இருக்குது மேடம்" என்றான்.